செல்லாயி கேட்கும்வரை

தினேஸ்வரியின் அழைப்பு வந்தபோது பெட்ரீசியா புந்தோங் வீட்டுப் பின்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு எடுத்தாள். பழைய தோழி செல்லாயியின் வீட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது.

"ஆண்ட்டி, அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டாங்க. வாரத்துக்கு மூணு தடவ ஈப்போ டவுனுக்குக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு பேக்டரில ஷிப்ட்டு மாறிக்கிட்டே இருக்கு. பக்கத்து வீட்டு அங்கிள்தான் ஏத்திட்டுப் போனாரு. அவரு இப்ப மகன்கூட கோலாலம்பூருக்குப் போயிட்டாரு. தனியா அனுப்பவும் பயமா இருக்கு லா, திரும்பி வரப்ப அம்மாவுக்குத் தல சுத்துது." ஒரே மூச்சில் சொல்லி முடித்த பெண், குரலைத் தாழ்த்தினாள். "உங்களக் கேக்குறது அம்மாவுக்குத் தெரியாது."

"எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லு," என்றாள் பெட்ரீசியா.

மறுநாள் காலை ஜெலாப்பாங் அடுக்குமாடிக்குக் கீழே தன் பழைய மைவி காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மின்தூக்கியிலிருந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு செல்லாயி வந்தாள். முகம் கறுத்துச் சுண்டியிருந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பு வாரை அவிழ்த்துவிட்டு இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு காலத்தில் இரண்டு வாளி ரப்பர்ப் பாலையும் தோளில் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஓடியவள் அவள். பெட்ரீசியா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

காருக்குள் இருப்பது யாரென்று தெரிந்ததும் செல்லாயி அப்படியே நின்றாள்.

"இவள யாரு வரச் சொன்னது?"

"நான்தாம்மா," என்றாள் தினேஸ்வரி.

செல்லாயி காரின் கூரைமேல் கையை ஊன்றிக் குனிந்தாள். "ஏறுறேன். வேற வழி இல்ல. ஆனா உன் சாமி பேச்ச எடுத்தியோ, சிக்னல்ல நிக்கிறப்பவே எறங்கிப் போயிடுவேன்."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு பாட்டப் போடுவ."

காருக்குள் மெல்லிய சத்தத்தில் ஒரு கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரீசியா கைநீட்டி அதை நிறுத்தினாள்.

இருவரும் சிலிம் ரிவருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று அதற்கு இருந்தது. ஆனால் ஜனங்கள் வாயில் அது சின்னப்பாலத் தோட்டம்தான். ஒரே லயத்தில், தொழிலாளர் வரிசையில், எதிரும் புதிருமாக வீடு. ஒரே பள்ளிக்கூடம். படிப்பு நின்றதும் ஒரே வருஷம் உளி பிடித்தார்கள். பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். விடியாத நேரத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போவார்கள். கொசுவர்த்தியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடி, இருட்டில் ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்குத் தெரியவேண்டுமென்று பாடிக்கொண்டே இருப்பார்கள். செல்லாயிக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பாட்டு. பெட்ரீசியாவுக்கு மாதா பாட்டு. நாளடைவில் செல்லாயி மாதா பாட்டைச் சுருதி பிசகாமல் பாடவும், பெட்ரீசியா அப்பாவுக்குத் தெரியாமல் டூயட் பாடவும் கற்றுக்கொண்டார்கள்.

பால்மரங்களை வேரோடு சாய்த்துச் செம்பனை வைத்தபோது தோட்டம் கலைந்தது. இருவரும் ஈப்போவுக்கு வந்தார்கள். கல்யாணம், பிள்ளை, தொழிற்சாலை என்று வாழ்க்கை ஓடியது. பெட்ரீசியாவின் கணவர் மாரடைப்பில் போனபோது உடைந்து கிடந்தவளை யாரோ சிலிபின் கடைவரிசையின் மேல்மாடியில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். பிறந்ததிலிருந்து மாதா கோயிலுக்குப் போனவள்தான். ஆனால் அங்கேதான் தன் சாமி தன்னிடம் பேசுகிறார் என்று முதல்முதலாக உணர்ந்தாள். அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. பேருந்தில், சந்தையில், தொழிற்சாலைக் கேண்டீனில், கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். செல்லாயியிடம் எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னாள். பிடித்த தின்பண்டத்தைத் தோழிக்கு ஊட்டாமல் இருக்க முடியுமா என்பது அவள் எண்ணம். செல்லாயி சிரித்து மழுப்புவாள். சில நாள் கோபப்படுவாள். "எனக்கு மாரியாத்தா இருக்கா, நீ போ லா," என்பாள்.

பிறகுதான் பவித்ரன் இறந்தான். செல்லாயியின் ஒரே மகன். லூமுட்டில் வெல்டிங் வேலை. வார இறுதிக்கு வீடு வரும் வழியில் மோட்டார்சைக்கிள் லாரியில் மோதியது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். செல்லாயி அழவில்லை, பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்ரீசியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்: "செல்லா, கடவுள் உன்கிட்ட பேசுற நேரம் இது. காதக் கொடுத்துக் கேளு."

செல்லாயி கையை உருவிக்கொண்டாள். "என் புள்ளையக் கொன்னுட்டா என்கிட்ட பேசணும்? எழுந்திரு. வெளிய போ."

சொந்தபந்தமெல்லாம் பார்க்க, நாற்காலிகளுக்கு நடுவே பெட்ரீசியா எழுந்து போனாள். அதோடு முடிந்தது.

டயாலிசிஸ் மையத்துக்குப் போன முதல் சில வாரங்களில் காருக்குள் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும்தான். இறக்கிவிடுவாள். நாலு மணி நேரம் கழித்து ஏற்றிக்கொள்வாள். செல்லாயி இடக்கைக்காரி என்பதால் வலது கையில் ஊசி குத்துவார்கள். அந்தக் கையில் நரம்பு கயிறுபோல் புடைத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெட்ரீசியாவுக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வரும். விழுங்கிக்கொள்வாள்.

ஒரு காலை சிலிபின் சாலையில் பேய்மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் நகரவில்லை. கண்ணாடியில் தண்ணீர் அருவியாக வழிந்தது. செல்லாயி வெளியே பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல், "இன்னிக்கு வேல இல்ல," என்றாள்.

பெட்ரீசியா குபீரென்று சிரித்துவிட்டாள். விடியற்காலை மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அந்தச் சத்தத்தில் விழிப்பு வந்து, போர்வைக்குள்ளிருந்தே லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி "வேல இல்லோய்!" என்று கத்துவது செல்லாயிதான். சம்பளம் போகிற கவலை பெரியவர்களுக்கு. இவர்கள் இருவருக்கும் என்ன, மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்கிற நாள் அது.

"நம்மள வேல வாங்குற சின்னையா மண்டோரு முகத்த நெனச்சுப் பாரு," என்றாள் செல்லாயி. "மழ விட்டுடும் மழ விட்டுடும்னு பெரட்டுல கோழி மாதிரி நிப்பாரு."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ என் நெரையையும் சேத்து வெட்டினியே, அத அந்தாளு கண்டுபுடிச்சாரே!"

"பின்ன? எல்லா வெட்டும் எடக்கை வெட்டு. 'பெட்ரீசியா, ராத்திரியோட ராத்திரியா உனக்குக் கை மாறிடுச்சா'ன்னு கேட்டாரு." செல்லாயி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமி ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நாளாச்சு," என்றாள். எது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து பேச்சு ஓடியது. திரும்பும் வழியில் பக்கீர் முகம்மதுவின் தேநீர்க் கடையில் நிறுத்துவார்கள். செல்லாயி அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு தே தாரேவை இரண்டு கிளாஸில் ஊற்றித் தரச் சொல்வார்கள். தோட்டத்துக் கதைகள் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வரும். கிறிஸ்துமஸுக்கு லயம் லயமாகப் பாடிப் போகும் கூட்டத்தில் செல்லாயி முன்வரிசையில் நின்று பாடியது. தீமிதிக்கு மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெட்ரீசியா கூடவே ஓடியது. இரண்டு வீட்டு அம்மாக்களும் பண்டிகைக்குப் பண்டிகை பலகாரத் தட்டை மாற்றிக்கொண்டது. அந்த நாளில் யாரும் யாரையும் மாற்ற நினைத்ததாக இருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரீசியாவின் மனம் இரண்டாகும். சபையில் வீடு சந்திக்கும் குழுவை நடத்துபவர் கேப்ரியல். நல்ல மனிதர், மின்கம்பி வேலை செய்பவர். ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டார்:

"சிஸ்டர், உங்க தோழிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லண்ணே. அவ கேக்க விரும்பல."

"விரும்பித்தான் யாரு கேக்குறா? எங்க அண்ணன்கிட்ட அடுத்த மாசம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். ஒரு காலையில போன் வந்துச்சு, ஆளு இல்லன்னு." அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "அந்தப் பாரம் உங்களுக்கு வரக்கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

அது அவளைக் குடைந்தது. செல்லாயியின் உடம்பை வாரத்துக்கு மூன்று தடவை பார்க்கிறவள் அவள். நாளைக்கு இவள் இல்லாமல் போனால்? அன்பு இருந்தால் சொல்லத்தானே வேண்டும்? பயத்தைத்தான் பொறுமை என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேனா?

அடுத்த வாரமே அது நடந்தது. இயந்திரத்தில் இருக்கும்போது செல்லாயியின் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டது. தாதி வெளியே ஓடிவந்து பெட்ரீசியாவைக் கூப்பிட்டாள். உள்ளே போனபோது கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தியிருந்தார்கள். செல்லாயியின் உதடு வெளுத்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. "கூடவே இருங்க, பேச்சுக் குடுங்க," என்றாள் தாதி.

பேச்சுக் கொடுக்க வேண்டும். இதுதான் அந்த நேரமா? பெட்ரீசியா வாயைத் திறந்தாள். செல்லாயியின் கண் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, எச்சரிக்கை இருந்ததா, தெரியவில்லை. வலது கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயிருந்தன. அவளுடைய ரத்தமே வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றாவது "வெளிய போ" என்று சொல்ல அவளுக்குத் தெம்பு இருந்தது. இன்று அதுவும் இல்லை. எழுந்து போக முடியாதவளிடம் பேசி ஜெயிப்பது பேச்சா?

"செல்லா," என்றாள் பெட்ரீசியா. "பாலு ஸ்டோருக்குப் போற மேட்டுல ஒரு கொய்யா மரம் இருந்துச்சே. அது யாரு வச்சது? எங்கம்மா, எங்கப்பான்னு அப்ப எல்லாரும் சண்ட போடுவோம்."

செல்லாயியின் உதடு அசைந்தது. "எங்க... அப்பன்."

"பொய். எங்கப்பாதான்."

"போடி."

பெட்ரீசியா அவள் காலடிக்குப் போய் உட்கார்ந்து, குளிர்ந்து கிடந்த பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தாள். உள்ளுக்குள் ஜெபித்தாள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மெல்ல மெல்ல அழுத்தம் ஏறியது.

நடந்ததைக் கேட்ட கேப்ரியலுக்கு வருத்தம். கொஞ்சம் கோபமும்கூட. "இவ்ளோ நெருக்கத்துல வாய்ப்புக் கெடச்சும் விட்டுட்டீங்களே, சிஸ்டர்," என்றார். பிறகு ஒரு பெருமூச்சோடு, "சரி, சில பேரு அப்படித்தான். முத்தப் பன்னிங்க முன்னால போடாதீங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. விட்டுடுங்க. வேற ஆளுங்களப் பாப்போம்," என்றார்.

பெட்ரீசியாவுக்குச் சுருக்கென்றது. "அவ பன்னி இல்லண்ணே."

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"தெரியும். ஆனா நானும் அவளும் பன்னிக்குத் தீனி சொமந்தவங்க. எங்க தோட்டத்துக்குப் பின்னால ஒரு சீனன் பன்னி வளத்தான். பள்ளிக்கூடம் விட்டதும் லயத்து மிச்சம் மீதியெல்லாம் வாளியில எடுத்துட்டுப் போவோம். ஒரு தடவ வெளையாட்டா நான் தீனிக்குப் பதிலா கூழாங்கல்ல அள்ளிப் போட்டேன். ஓடி வந்து மோந்து பாத்துச்சுங்க. அப்புறம் வேலிய முட்டிக்கிட்டு என் மேல பாஞ்சு வந்துச்சுங்க. செல்லாதான் என்னக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினா. அதுங்களுக்கு என் மேல என்ன பகை? பசியோட வந்துச்சுங்க. நான் திங்க முடியாததப் போட்டேன். முத்தா இருந்தாலும் அதுங்களுக்குக் கல்லுதான். அவ புள்ளையப் பறிகொடுத்து உக்காந்திருந்தப்ப நானும் அதத்தான் செஞ்சேன் அண்ணே. முத்து மேல குத்தம் இல்ல. அவ மேலயும் குத்தம் இல்ல."

கேப்ரியல் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்னதான் செய்வீங்க?"

"காரோட்டுவேன். அவ கேட்டா சொல்லுவேன்."

"கேக்கலன்னா?"

பெட்ரீசியா கைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். அந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது. வலித்தும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதது சரி என்று தோன்றியது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் செல்லாயி சின்னப்பாலத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஊசி குத்தாத ஒரு நாளில் கிளம்பினார்கள். தினேஸ்வரி சோறு கட்டிக் கொடுத்தாள். நெடுஞ்சாலையில் தாப்பா, பீடோர் தாண்டும்போது செல்லாயி கண்ணாடியை இறக்கிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தோட்டம் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. லயம் இல்லை. பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரை மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை பழைய தோட்டத்து ஜனம் எங்கெங்கிருந்தோ கூடித் திருவிழா எடுக்கிறார்கள். செல்லாயி உள்ளே போய்க் கும்பிட்டு வந்தாள். பெட்ரீசியா வெளியே நிழலில் காத்திருந்தாள்.

"உங்க கோயிலு எங்க?" என்றாள் செல்லாயி, திருநீற்றைத் துடைத்துக்கொண்டே.

தேடிப் போனார்கள். மண்பாதை ஓரத்தில், செம்பனை மட்டைகள் குவிந்த இடத்தில், மூன்று படிக்கட்டு இருந்தது. படிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் தகரக் கூரை போட்ட சின்னஞ்சிறு கோயில். மாதத்துக்கு ஒரு முறை தாப்பாவிலிருந்து சாமியார் மோட்டார்சைக்கிளில் வருவார். இருவரும் படியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். காற்று மட்டைகளில் சரசரத்தது. எங்கோ ஒரு டிராக்டர் உறுமியது.

செல்லாயி பாதிச் சோற்றில் நிறுத்தினாள்.

"உள்ள ஒரு படம் மாட்டியிருப்பாங்களே. செத்துப்போன மகன மடியில போட்டுக்கிட்டு ஒரு அம்மா."

"மாதா."

"சின்னப்புள்ளையில அதப் பாக்கவே பயமா இருக்கும் எனக்கு. கிறிஸ்மஸுக்குப் பாட வரப்பகூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்." விரலால் சோற்றை அளைந்தாள். "பவிய ஆசுபத்திரில காட்டினப்ப எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு மடியில போட்டுக்கக்கூட விடல. கிட்ட வராதீங்கன்னுட்டாங்க."

பெட்ரீசியா தன் பொட்டலத்தை மடியில் வைத்தாள்.

"அந்தம்மா அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க?" என்றாள் செல்லாயி.

எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. ஆனால் சேர்த்து வைத்திருந்த பதில்களில் ஒன்றும் இதற்கு ஒத்துவரவில்லை. தெரிந்ததை மட்டும், மெதுவாகச் சொன்னாள்.

"சிலுவைக்கு முன்னாலயே நின்னாங்க செல்லா. பல பேரு ஓடிட்டாங்க, இவங்க ஓடல. மகன் துடிக்கிறத நின்னு பாத்தாங்க. மகன் சாகுறதுக்கு முன்ன, கூட இருந்த ஒரு சிநேகிதர்கிட்ட, இனிமே இவங்க உனக்கு அம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தாளு அவங்களத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"அழுதாங்களா?"

"அத எழுதி வைக்கல. அழாமயா இருந்திருப்பாங்க?"

செல்லாயியின் தோள் குலுங்கியது. பெட்டியின் பக்கத்தில் வராத அழுகை, இத்தனை வருஷம் கழித்து, கூரையில்லாத கோயிலின் படியில் வந்தது. பெட்ரீசியா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். பவித்ரன் அவள் தூக்கி வளர்த்த பிள்ளையும்தான்.

அழுகை அடங்கியபின் செல்லாயி மூக்கைச் சிந்திவிட்டு, "அவரு திரும்பி வந்தாருன்னு சொல்லுவீங்கள்ல, மூணாம் நாளு?" என்றாள்.

"ஆமா."

"நீ அத நம்புறியா? மெய்யாவே?"

"நம்புறேன். அத நம்பலன்னா என் புருஷன் செத்தப்பவே நானும் போயிருப்பேன்."

"எனக்கு நம்ப முடியல லா."

"சரி."

செல்லாயி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். 'சரி'க்குப் பின்னால் ஒரு பிரசங்கம் வரும் என்று காத்திருந்தவள் போலத் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. பெட்ரீசியா தன் பொட்டலத்திலிருந்த முட்டையில் பாதியைப் பிட்டு அவள் சோற்றில் வைத்தாள்.

"ஆனா அந்தம்மா நின்னாங்கங்கிறத நம்புறேன்," என்றாள் செல்லாயி கடைசியில். "அது பெத்தவளுக்குத் தெரியும்."

திரும்பும்போது பீடோரில் கொய்யாப்பழம் வாங்கினார்கள். செல்லாயி தூங்கிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு செல்லாயி மதம் மாறினாளா என்றால், இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறாள், ஆடி மாதக் கூழுக்குப் பெட்ரீசியாவையும் கூப்பிடுகிறாள். சில நாள் காரில் ஏறியதும் அவளாகவே ஏதாவது கேட்பாள். சில வாரங்கள் ஒன்றும் கேட்கமாட்டாள். விலைவாசி, தினேஸ்வரிக்கு மாப்பிள்ளை, தாதியின் கைப்பக்குவம் என்று பேச்சு போகும். இரண்டுக்கும் பெட்ரீசியா பழகிக்கொண்டாள். கேட்காத வாரங்களில் மனசு அடித்துக்கொள்ளாமல் இல்லை. அதை ஜெபத்தில் இறக்கி வைத்துவிட்டுக் காரை எடுப்பாள்.

போன வாரம் பக்கீர் முகம்மதுவின் கடையில், தேநீரை ஆற்றிக்கொண்டே செல்லாயி கேட்டாள்: "அந்தம்மாவுக்கு வேற புள்ளைங்க இருந்துச்சா? ஒத்தப் புள்ளதானா?"

பெட்ரீசியா தலையைச் சொறிந்தாள். "எங்கப்பா கோயில்ல ஒத்தப் புள்ளன்னுதான் சொன்னாங்க. இப்ப நான் போற சபையில, இல்ல, தம்பி தங்கச்சிங்க இருந்தாங்கன்னு சொல்றாங்க."

"உங்களுக்குள்ளயே இன்னும் முடிவாகலயா?"

"ஆகல."

"மொத அதப் பேசி முடிச்சிட்டு வந்து சொல்லு லா," என்று செல்லாயி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கல்லாவிலிருந்த பக்கீர் முகம்மது திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.